முதுமைக்குத் தந்த வாக்கு

ஓய்வூதியம் என்னும் சொல்லை நாம் நாள்தோறும் ஆளுகிறோம். அதனைப் பிரித்துப் பார்ப்போர் சிலரே. ஓய்வு என்பது வேலையின்றி இருத்தல். ஊதியம் என்பது வேலைக்குப் பெறும் பயன். வேலையின்றி இருப்பவனுக்கு வேலைக்குரிய பயன் எங்ஙனம் உரியதாகும்? சொல்லுக்குள்ளேயே ஒரு முரண் ஒளிந்து கிடப்பது போலத் தோன்றுகிறது. இம்முரணைத் தீர்க்க இரண்டு வழிகள் உள்ளன. அஃது ஊதியமே அன்று, உழைத்துத் தளர்ந்தவன்பால் இரக்கம் கொண்டு ஆள்வோர் அளிக்கும் கொடை எனலாம். அல்லது, அவன் இளமையில் ஈட்டிய ஊதியத்தின் ஒரு பகுதியே அது. கையிற் கொடுப்பது மட்டும் முதுமை வரை தள்ளி வைக்கப்பட்டது எனலாம்.

வகுப்பறையில் இருந்து பேசும்போது இது வெறும் சொல்லாராய்ச்சி. ஆனால் ஒரு நகரத்தின் கருவூலம் வறண்டு போகும் நாளில், இவ்விரு விடைகளுள் எதனை ஏற்கிறோம் என்பதைப் பொறுத்தே பல்லாயிரம் முதியோரின் அடுத்த மாத உணவும் மருந்தும் அமையும்.

அத்தகைய ஒரு நாள் அமெரிக்க நாட்டின் டெட்ராய்ட் நகருக்கு 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18ஆம் நாள் வந்தது. மோட்டார் வாகனத் தொழிலால் உலகப் புகழ் பெற்ற நகரம் அது. 1950இல் அங்கு 18 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். 2010இல் எஞ்சியவர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர். தொழிற்சாலைகள் இடம் பெயர்ந்தன. வெள்ளையருள் பெரும்பாலோர் புறநகர்களில் குடியேறினர். பின்னர் வசதி பெற்ற கறுப்பின மக்களும் அவ்வழியே சென்றனர். வரி செலுத்துவோர் போய்விட்டனர். ஆனால் மக்கள் மிகுந்திருந்த காலத்தில் வேலைக்கு அமர்த்தப்பட்ட காவலரும், தீயணைப்பு வீரரும், குடிநீர்க் குழாய் பதித்தோரும், குப்பை அள்ளியோரும், அலுவலக எழுத்தரும் எங்கும் போய்விடவில்லை. அவர்கள் முதுமையெய்தி, தமக்குத் தருவதாகச் சொல்லப்பட்டதைக் கேட்கும் நிலையில் இருந்தனர். வேலை பார்ப்போரைப் போல் ஏறத்தாழ இரு மடங்கினர் ஓய்வு பெற்றோராய் இருந்தனர்.

அந்நாளில் நகரம் தன்னைத் திவாலானதாக, அதாவது நொடித்துப் போனதாக, நீதிமன்றத்தில் அறிவித்துக்கொண்டது. அதன் கடன் 1,800 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. அமெரிக்க நகர் எதுவும் அதுகாறும் அவ்வளவு பெருங்கடனுடன் நொடித்ததில்லை. மாநில அரசு அவசரநிலை மேலாளராக அமர்த்திய கெவின் ஓர் என்பவர் நகரின் நிலையை விரித்துரைத்தார். தெரு விளக்குகளில் 40 விழுக்காடு எரியவில்லை. அவசர உதவி கேட்டு அழைத்தால் காவலர் வந்து சேரச் சராசரி 58 நிமிடம் ஆயிற்று. கைவிடப்பட்ட கட்டடங்கள் 78,000. ஓய்வூதிய நிதிகள் இரண்டிலும் சேர்ந்து 350 கோடி டாலர் பற்றாக்குறை என்று அவர் கணக்கிட்டார்; நிதிகளின் பொறுப்பாளர்கள் அக்கணக்கை மறுத்தனர்.

ஓய்வூதியம் பெற்றோர் செல்வர் என்று யாரும் எண்ண வேண்டா. பொதுப்பணி ஊழியர் பெற்றது சராசரி ஆண்டுக்கு 19,000 டாலர்; காவலரும் தீயணைப்பு வீரரும் பெற்றது ஏறத்தாழ 30,000 டாலர். பின்னவருள் பெரும்பாலோர்க்கு அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் உதவித் தொகையும் இல்லை. நகரத்தின் ஓய்வூதியம் உண்டு என்னும் நம்பிக்கையில் அவர்கள் அத்திட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தனர். நகரம் கைவிட்டால் அவர்கள் விழுவதற்கு வேறு தரை இல்லை.

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குச் சட்டம் என்ன விடை கூறியது என்று பார்ப்போம். மிச்சிகன் மாநிலத்தின் சட்ட வரலாறு இதற்கு வாய்ப்பான சான்று. 1963க்கு முன்னர் அங்குப் பொதுப்பணியாளரின் ஓய்வூதியம் கொடையாகவே கருதப்பட்டது. கொடுத்தவர் நினைத்தால் நிறுத்திக்கொள்ளலாம். இஃது அறமன்று என உணர்ந்தே, 1963இல் இயற்றிய மாநில அரசியலமைப்பில் ஒரு பிரிவைச் சேர்த்தனர். ஈட்டப்பட்ட ஓய்வூதியம் ஓர் ஒப்பந்தக் கடமை. அதனைக் குறைத்தலும் சிதைத்தலும் ஆகா என்று அப்பிரிவு அறிவித்தது. இதனினும் உறுதியான வாக்கை ஒரு மாநிலம் தன் மக்களுக்குத் தர இயலாது என்றே எவரும் நினைப்பர்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2013 டிசம்பர் 3ஆம் நாள், நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸ் தீர்ப்புரைத்தார். ஓய்வூதியம் ஒப்பந்தம் என்பதை அவர் ஏற்றார். ஆனால் நொடிப்புச் சட்டம் என்பதே ஒப்பந்தங்களை மாற்றுதற்காக ஏற்பட்ட சட்டம் அன்றோ? அது கூட்டரசின் சட்டம். மாநில அரசியலமைப்பு அதற்குக் குறுக்கே நிற்க இயலாது. எனவே பிற ஒப்பந்தங்களைப் போலவே ஓய்வூதியத்தையும் குறைக்கலாம் என்றார். அவ்வதிகாரத்தை எளிதாகக் கையாளப் போவதில்லை என்று அவர் கூறியதையும் மறைத்தல் தகாது. எனினும் முதியோரைக் காப்பதற்கென்று தேர்ந்து வைத்த சொல்லே அவர்களைக் கடன்காரர் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது. கொடையாக இருந்தபோது கொடுப்பவரின் விருப்பத்தால் நின்றுபோகக்கூடியதாய் இருந்தது. ஒப்பந்தமானபோது கொடுப்பவரின் வறுமையால் நின்றுபோகக்கூடியதாயிற்று.

நீதிபதியின் சட்டத் தருக்கம் பிழையென்று கூற யான் முற்படவில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டு கடன்கள் அறத்தின் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவதில்லை. நகரத்தின் கடன்பத்திரத்தை வாங்குபவர் எத்தகையவர்? அவர் பல நகரங்களின் பத்திரங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறார். இழப்பு நேரலாம் என்பதை அறிந்து, அந்த இடருக்கு ஈடாகவே வட்டி பெறுகிறார். தம் செல்வத்தைப் பல இடங்களில் பிரித்து வைக்கிறார். அச்சம் தோன்றினால் மறுநாளே விற்றுவிடலாம். தீயணைப்பு வீரரோ தம் வாழ்நாள் முழுவதையும் ஒரே நகரத்தில் வைத்தார். அவருடைய முதல் அவருடைய இளமை. அதனை அவர் பிரித்து வைக்கவும் இல்லை. இடருக்கென்று தனி வட்டி பெறவும் இல்லை. நகரம் நொடித்தது என்று அறிந்தபோது, முப்பது வயதுக்குத் திரும்பிச் சென்று வேறு வேலை தேடிக்கொள்ள அவருக்கு வழியும் இல்லை. இழந்த பணத்தை மீண்டும் ஈட்டலாம் என்று இளைஞனுக்கு ஆறுதல் கூறலாம். எழுபது வயதினருக்கு அதனைக் கூறுவது கொடுமை.

இந்த வேறுபாட்டைத் தலைகீழாகப் புரட்டிய ஊரும் உண்டு. ரோட் ஐலண்டு மாநிலத்தில் சென்ட்ரல் ஃபால்ஸ் என்றொரு சிறு நகர் 2011 ஆகஸ்டில் நொடித்தது. அதற்குச் சற்று முன்னர் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றி, கடன்பத்திரம் வைத்திருப்போர்க்கு நகரத்தின் வருவாயில் முதலுரிமை அளித்தது. அவர்கள் முழுமையாகப் பெற்றனர். ஓய்வு பெற்ற காவலரும் தீயணைப்பு வீரரும் 55 விழுக்காடு வரை இழந்தனர். அவர்களின் துயரைக் கண்ட மாநிலம், பழைய தொகையில் 75 விழுக்காடு வரையேனும் கிடைக்குமாறு ஈடுசெய்தது. பத்திரக்காரரை ஏமாற்றினால் அம்மாநிலத்தின் பிற நகரங்களுக்குக் கடன் கிடைக்காது என்பது சட்டம் இயற்றியோர் காட்டிய காரணம். நாளையும் கடன் தரக்கூடியவருக்கு இன்றே கொடுக்க வேண்டும். முதியவரிடம் இனிப் பெறுதற்கு ஒன்றும் இல்லை, ஆதலின் அவர் காத்திருக்கலாம் என்பதே இதன் உட்பொருள். வணிகத்துக்கு இது பொருந்தலாம். செய்ந்நன்றி அறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்த நூலைப் பயிற்றும் நாம் இதனை எவ்வாறு ஒப்புவது?

ஆயினும் மறுதரப்பில் நிற்போரின் வினாவைக் கேளாமல் கடத்தல் நேர்மையாகாது. டெட்ராய்ட்டில் விளக்கெரியாத தெருவில் பள்ளிக்குச் செல்லும் ஒரு சிறுவனை நினைத்துக் கொள்வோம். "நான் பிறப்பதற்கு முன்னர் யாரோ யாருக்கோ தந்த வாக்கு என்னை எங்ஙனம் கட்டும்? என் தெருவுக்கு விளக்கு வேண்டும். என் வீடு தீப்பற்றினால் இன்று வேலையில் இருக்கும் வீரர் வர வேண்டும். வரிப்பணம் முழுவதும் பழங்கடனுக்கே போனால் எனக்கு எஞ்சுவது யாது?" என்று அவன் கேட்டால், முதியோரின் உரிமையைக் காட்டி அவன் வாயை அடைத்தல் தகுமா?

இவ்வினாவுக்கு வழக்கமாகக் கூறும் விடை ஒன்று உண்டு. தந்தையின் வீட்டைப் பெறும் மகன் அவ்வீட்டின்மீதுள்ள கடனையும் பெறுகிறான். அச்சிறுவன் குடிக்கும் நீர் அம்முதியவர் பதித்த குழாயில் வருகிறது. அவன் வாழும் வீடு எரியாமல் நிற்பதற்கு அவர் ஒருகால் காரணமாக இருந்திருக்கலாம். பயனைப் பெற்றவன் கடனையும் ஏற்கக் கடமைப்பட்டவன். இவ்விடையில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. ஏனெனில், பயனைப் பெற்றோருள் பெரும்பாலோர் நகரத்தில் இல்லை. டெட்ராய்ட்டின் வட எல்லையில் எட்டு மைல் சாலை என்றொரு சாலை உண்டு. அச்சாலையைக் கடந்து குடியேறியவர்கள், தம் இளமையில் அந்நகரக் காவலரின் பாதுகாப்பிலும் அந்நகரப் பள்ளிகளிலும் வளர்ந்தவர்கள். சாலையைக் கடந்தபோது தம் வீட்டுப் பொருள்களையெல்லாம் ஏற்றிச் சென்றனர். கடனை மட்டும் ஏற்றிச் செல்லவில்லை. சட்டப்படி அதற்கு இடமும் இல்லை. நகரத்தின் கடன் நகர எல்லைக்குள் இருப்போரையே சாரும். ஆகவே போக இயலாத ஏழைகளும் அவர்தம் பிள்ளைகளும் போனவர்களின் பங்கையும் சேர்த்துச் சுமந்தனர். சிறுவனின் முறையீடு நியாயமானதே. ஆனால் அவன் விரல் நீட்ட வேண்டியது முதியவரை நோக்கியன்று. எல்லைக் கோட்டை நோக்கி.

முதியோர் தரப்பிலும் பிழை இல்லாமல் இல்லை. பொதுப்பணி ஊழியர் ஓய்வூதிய நிதியின் பொறுப்பாளர் குழுவில் ஊழியர் சார்பாளர்கள் பெரும் பங்கு வகித்தனர். முதலீடுகள் செழித்த ஆண்டுகளில், மிகுதியைச் சேமிக்காமல், பன்னிரண்டு மாத ஓய்வூதியத்துக்கு மேல் பதின்மூன்றாவது காசோலை ஒன்றை அனுப்பும் வழக்கம் இருந்தது. ஊழியர்கள் தாமே சேர்த்து வைத்த சேமிப்புக் கணக்குகளுக்கு, நிதி பெருநட்டம் அடைந்த ஆண்டிலும் 7 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வரவு வைக்கப்பட்டது. அஃது எங்கிருந்து வந்தது? பொது நிதியிலிருந்தே வந்தது. விளைச்சல் மிக்க ஆண்டில் விதைநெல்லையும் சேர்த்துப் பொங்கிய குடும்பத்தின் கதை இது. எனினும் காசோலை அனுப்பத் தீர்மானித்தவர் சிலர், பெற்றவர் பல்லாயிரவர். தபாலில் வந்த காசோலையைப் பார்த்து, இதனால் நிதி குன்றுமோ என்று ஆராயும் கடமையை ஒரு முன்னாள் குப்பை வண்டி ஓட்டுநர்மேல் சுமத்துவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

அங்ஙனமாயின் குற்றம் எங்கே நிகழ்ந்தது? பணம் கொடுக்க இயலாமற் போன நாளில் நிகழ்ந்தது என்றே பலரும் கருதுகின்றனர். யான் அவ்வாறு கருதவில்லை. இல்லாதவன் கொடுக்க இயலாமை வறுமை, அது குற்றமாகாது. குற்றம் அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. மிச்சிகன் அரசியலமைப்பின் அதே பிரிவில் இன்னொரு வாக்கியமும் உண்டு. அதனைப் பலர் எடுத்துக் கூறுவதில்லை. ஒவ்வோர் ஆண்டின் உழைப்பால் எழும் ஓய்வூதியப் பயனுக்குரிய பணத்தை அவ்வாண்டிலேயே ஒதுக்கி வைத்தல் வேண்டும் என்பது அதன் கட்டளை. அதாவது, வாக்குக் கொடுக்கும்போதே அதற்குரிய பொருளையும் எடுத்து வைத்துவிடு என்பது. இது முறையாக நிறைவேறியிருந்தால், நகரம் எத்துணை வறியதாயினும், ஓய்வூதியம் பெருமளவு தனியே பத்திரமாக இருந்திருக்கும்.

நிறைவேறாமற்போன விதம் மாணவர்க்கும் விளங்கும் எளிய கணக்கு. முப்பது ஆண்டு கழித்து ஒருவருக்கு 100 டாலர் கொடுக்க வேண்டும். இன்று எவ்வளவு ஒதுக்க வேண்டும்? பணம் ஆண்டுக்கு 8 விழுக்காடு வளரும் என்று கொண்டால் ஏறத்தாழ 10 டாலர் போதும். 5 விழுக்காடே வளரும் என்று கொண்டால் 23 டாலர் வேண்டும். எழுதுகோலால் ஓர் எண்ணை மாற்றிய அளவில் கடமை பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது! டெட்ராய்ட் நிதிகள் கொண்டிருந்த மதிப்பீடு ஏறத்தாழ 8 விழுக்காடு. அமெரிக்காவில் அக்காலத்தில் பல நகரங்களும் மாநிலங்களும் அவ்வாறே கொண்டிருந்தன. இவர்கள் மட்டும் பொய்யர் அல்லர். ஆயினும் இன்றைய வரிச்சுமையைக் குறைத்துக் காட்டுவதற்காக எதிர்காலத்தின் வளத்தைக் கூட்டிக் காட்டும் கணக்கு, வாக்குக் கொடுக்கும் நாளிலேயே வாக்கில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் கணக்காகும். எதிரில் இருப்பவர் அதனை அறியார்.

2005இல் நகரம் வேறொரு வழியைக் கண்டது. 140 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கி ஓய்வூதிய நிதிகளில் இட்டது. ஏட்டில் பற்றாக்குறை மறைந்தது. ஆனால் ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் பிறந்தது. அதன் வட்டி மாறுமே என்று அஞ்சி வங்கிகளுடன் செய்துகொண்ட ஏற்பாடுகள், 2008க்குப்பின் உலகெங்கும் வட்டி வீழ்ந்தபோது நகரத்துக்கே பெருநட்டமாயின. பெருமழைக்கு ஒழுகும் கூரையை வண்ணம் பூசி மறைத்தவர் செயலையே இது நினைவூட்டுகிறது. இன்னும் வெளிப்படையான எடுத்துக்காட்டு வேண்டுமெனில், அலபாமா மாநிலத்துச் சிற்றூராகிய பிரிச்சர்டைக் கூறலாம். ஓய்வூதிய நிதி 2009இல் தீர்ந்துவிடும் என்று அவ்வூர் ஆட்சியாளர்க்கு முன்கூட்டியே எச்சரிக்கை வந்தது. 2009 செப்டம்பரில் அது தீர்ந்தது. ஏறத்தாழ 150 முதியோர்க்கு அம்மாதம் காசோலை வரவில்லை. முழுமையாகக் கொடுத்தே ஆகவேண்டும் என்று மாநிலச் சட்டம் கூறியிருந்தும் வரவில்லை.

இவையெல்லாம் தொலைவில் உள்ள ஊர்கள். ஆனால் இதனைப் படிப்போருள் ஆசிரியர் பலர் ஆதலின், நம்மைப் பற்றியும் இரண்டு சொல் கூறுதல் பொருந்தும். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 147ஆம் விதி அரசு ஊழியரின் ஓய்வூதிய உரிமையைக் காக்கிறது. உரிய நாளில் நடப்பில் இருந்த சட்டமோ, அதனினும் குறையாத நன்மை தரும் பிற்காலச் சட்டமோதான் அவருக்குப் பொருந்தும் என்பது அதன் கருத்து. முன்னர், பணியில் இருப்போரின் சம்பளம் திருத்தப்படும்போது ஓய்வூதியமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டு வந்தது. 2013இல் அம்முறை மாற்றப்பட்டு, ஆண்டுக்கு 2 விழுக்காடு என்னும் நிலையான உயர்வு வந்தது. ஓய்வு பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளிக்க, கூட்டரசு நீதிமன்றம் 2023 ஜூனில் அதனை உறுதி செய்தது. மிச்சிகனின் சொல் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசியது. நம் நாட்டின் சொல் முன்னிருந்த நன்மையையும் பின்வந்த நன்மையையும் ஒப்பிடச் சொல்கிறது. சட்டம் எழுதுவோர் தேரும் ஒரு சொல்லில் எத்துணை மனிதரின் முதுமை தங்கியிருக்கிறது பாருங்கள். மொழி கற்பிப்போர் பெருமை கொள்ளவும் வேண்டும், அஞ்சவும் வேண்டும்.

வேறொரு முறையும் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மலேசியாவில் 1951இல் ஊழியர் சேமநிதியும், சிங்கப்பூரில் 1955இல் மத்திய சேமநிதியும் தோன்றின. இவற்றில் மாதந்தோறும் ஊழியர் பெயரிலேயே பணம் சேர்கிறது. சேமநிதி எதிர்காலத்தைப் பற்றி வாய்விட்டுச் சொல்வது குறைவு, சேர்த்ததைக் காட்டுகிறது. பொய்க் கணக்குக்கு இதில் இடம் மிகவும் சுருங்கியது. அதனாலேயே இது சிறந்தது என்பார் உளர். யானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால் சேர்த்த பணம் தீர்ந்த பின்னும் உயிர் தீராதவரின் நிலை என்ன? குறைந்த சம்பளம் பெற்றவருக்குக் குறைந்த சேமிப்பே. ஓய்வூதியத்தில் நீண்ட வாழ்வின் சுமையைப் பலரும் பகிர்ந்துகொள்கின்றனர். தன் பெயரிலுள்ள சேமிப்பில் அச்சுமை பெரிதும் ஒருவர் தோளிலேயே இருக்கிறது. வாக்கே கொடாதவன் வாக்குத் தவறுவதில்லை என்பது மெய்தான். அவனை வாய்மையாளன் என்று போற்றலாம். துணைவன் என்று அழைக்க இயலுமா என்பதே என் ஐயம்.

டெட்ராய்ட்டில் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லி முடிக்க வேண்டும். அந்நகரத்திடம் விற்கத்தக்க பெருஞ்செல்வம் ஒன்று இருந்தது. நகரக் கலைக்கூடத்தின் ஓவியங்கள் நகராட்சிக்கே சொந்தமானவை. 1930இல் வாங்கிய புரூகலின் திருமண நடன ஓவியம் அங்கே உள்ளது. 1922இல் வாங்கிய வான்கோவின் தன்னுருவ ஓவியமும் உள்ளது. நகரம் தன் பணத்தில் வாங்கிய ஓவியங்கள் மட்டும் 45 கோடி முதல் 87 கோடி டாலர் வரை பெறும் என்று கிறிஸ்டிஸ் ஏல நிறுவனம் மதிப்பிட்டது. அவற்றை விற்றுக் கொடு என்றனர் கடன் கொடுத்தோர். முதியவரின் மருந்தா, முந்நூறு நானூறு ஆண்டுப் பழமையுடைய ஓவியமா? இவ்வினாவுக்கு என் மனம் எளிதில் விடை கூறவில்லை. ஓவியம் பசி தீர்க்காது. ஆனால் அக்கூடம் அந்நகர ஏழைகளுக்கும் சொந்தம். விற்றால் அது யாரோ ஒரு செல்வரின் சுவருக்குப் போகும், மீளாது. நல்வாய்ப்பாக, இரண்டில் ஒன்றைத் தேரும் நிலை வரவில்லை. நடுவர்கள் ஓர் ஏற்பாட்டை உருவாக்கினர். அறக்கட்டளைகள் 36 கோடியே 60 இலட்சம் டாலரும், கலைக்கூடம் 10 கோடியும், மாநில அரசு 35 கோடியும் இருபது ஆண்டுக் கணக்கில் தர முன்வந்தன. மாநிலம் தன் பங்கை ஒரே தவணையில் கொடுத்ததால் அது 19 கோடியே 48 இலட்சமாயிற்று. அப்பணம் ஓய்வூதிய நிதிகளுக்குப் போகும். ஓவியங்கள் தனி அறநிறுவனத்தின் காப்பில் என்றும் அங்கேயே இருக்கும். அறக்கட்டளைகளுள் மிகுதியாகத் தந்தது ஃபோர்டு அறக்கட்டளை, 12 கோடியே 50 இலட்சம். அந்நகர மக்களின் உழைப்பால் திரண்ட செல்வம் நெடுந்தொலைவு சுற்றி ஒரு சிறு பகுதியாக வீடு திரும்பியது.

முதியோரிடம் வாக்கெடுப்பு நடத்தினர். ஏற்றால் பொதுப்பணி ஊழியரின் ஓய்வூதியம் 4.5 விழுக்காடு குறையும். ஆண்டுதோறும் விலைவாசிக்கென்று கூடும் தொகை நிற்கும். மறுத்தால் 27 விழுக்காடு குறையும். காவலர்க்கும் தீயணைப்பு வீரர்க்கும் அடிப்படைத் தொகை குறையாது. ஆண்டு உயர்வு மட்டும் பாதிக்குக் கீழே போகும். 2014 ஜூலையில் வெளியான முடிவின்படி, வாக்களித்த பொதுப்பணியாளருள் 73 விழுக்காட்டினரும், காவலர், தீயணைப்பு வீரருள் 82 விழுக்காட்டினரும் ஏற்றனர். இதனை உடன்பாடு என்று ஏடுகள் எழுதின. வழிப்பறிக்காரன் பணமா உயிரா என்று கேட்க, பணம் என்று கொடுப்பதும் ஒருவகை உடன்பாடுதான் என்று கசப்புடன் எழுதத் தோன்றுகிறது. ஆயினும் அவ்வுவமை முழுதும் பொருந்தாது. அந்நாளில் அந்நகரத்திடம் வேறு பணம் இருந்தது என்று யான் கூற இயலாது. சேமிப்புக் கணக்கில் முன்னர் மிகுதியாக வட்டி பெற்றோரிடமிருந்து அதனைத் திரும்பப் பிடித்ததால், சிலர்க்கு மொத்தக் குறைப்பு 20 விழுக்காட்டை நெருங்கியது. அவர்களே மிகவும் கொதித்தனர். மருத்துவக் காப்பீட்டில் இழப்பு இதனினும் பெரிது: 430 கோடி டாலர் மதிப்புள்ள கடமைக்கு ஈடாக 45 கோடி டாலரே ஒதுக்கப்பட்டது. மருத்துவப் பயனுக்கு அரசியலமைப்பில் காப்பு இல்லை.  2005இல் கடன் கொடுத்தோரும் பெரும் பகுதியை இழந்தனர். அவர்களின் கடனுக்கு உறுதி கூறியிருந்த நிறுவனங்கள் நிலமும் வாகன நிறுத்தகக் குத்தகையும் பெற்றன.

எனக்கு உறுத்தலாக நிற்பது வேறொன்று. ஓய்வூதியம் கொடையன்று என்று நிலைநாட்ட 1963இல் ஓர் அரசியலமைப்புப் பிரிவு எழுதினர். முடிவில் முதியோரைக் காத்தது அப்பிரிவன்று; கொடை. அதுவும் அவர்களைக் கருதி மட்டும் எழுந்த கொடையன்று. ஓவியங்களைக் கருதியும் எழுந்த கொடை. நகரச் சுவரில் புரூகல் இல்லாதிருந்தால் அந்தச் செல்வர்களின் கதவு இவ்வளவு விரைவில் திறந்திருக்குமா? பிரிச்சர்டில் ஓவியம் இல்லை, கதவும் திறக்கவில்லை. கொடுத்தோரைக் குறை கூறுகின்றேன் அல்லேன். அவர்கள் கொடுத்திராவிடில் பலர் பட்டினி கிடந்திருப்பர். ஆனால் முப்பது ஆண்டு தீயை எதிர்த்து நின்றவர், தமக்குரிய ஊதியத்தைப் பெற ஓர் ஓவியத்தின் அழகுக்கு நன்றி சொல்ல நேர்ந்ததை எண்ணும்போது, 1963இல் அப்பிரிவை எழுதியோர் இதனைக் கண்டிருந்தால் என்ன உரைத்திருப்பர் என்று நினைக்கிறேன்.

2014 டிசம்பர் 10ஆம் நாள் நகரம் நொடிப்பிலிருந்து வெளிவந்தது. ஓய்வூதிய நிதிகளுக்குத் தன் வருவாயிலிருந்து கொடுக்கும் பெருங்கடமையிலிருந்து அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு விடுப்புக் கிடைத்தது. 2023 ஜூலையில் தொடங்கிய நிதியாண்டிலிருந்து மீண்டும் கொடுக்கத் தொடங்கியது. இம்முறை அந்நாளுக்கென்று முன்னதாகவே ஒரு தனி நிதியும் சேர்த்து வைத்திருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் விளக்குகள் எரியலாயின. விலைவாசியும் ஏறியது, பொதுப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவரின் தொகை அதனோடு ஏறவில்லை. புரூகலின் ஓவியத்தில் குடியானவர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றனர். அக்கூடத்துக்குச் செல்ல அந்நகரத்தார்க்கும் சுற்றுப்புறத்தார்க்கும் நுழைவுக் கட்டணம் இல்லை.